உதடு ஒட்டும் எழுத்து

அமெரிக்காவில் இருக்கிற அத்தனை நடிகர்களும் பிறவி ஊமைகள் என்பதும், அவர்களுக்கு வாய் கொடுக்கும் பொறுப்பை ஆண்டவன் ஆம்பூரில் ஒரே ஒருவனிடம் ஒப்படைத்திருக்கிறான் என்பதும் கிறிஸ்துராஜின் தீர்மானமான அபிப்பிராயம். இதை அவன் பெருமையாகச் சொல்வதில்லை. ரயில்வே கேட் எப்போது திறக்கும் என்று சொல்கிற மாதிரி ஒரு தகவலாகத்தான் சொல்வான்.

"பாவம்யா அவுங்க. பங்களா வெச்சிக்கறான், குதிர மேல போறான், பொண்ணுங்க பின்னாடியே ஓடியாருது. ஆனா ஒரு வார்த்த பேசணும்னா நம்ம கொட்டாய்க்கு வந்தாத்தான் உண்டு. கோடையில பாலாறு வத்தினா குட்டையில கெண்டை மீனு வாயத் தொறந்து தொறந்து மூடும், பாத்துக்கிறியா? நான் இல்லன்னா அவுங்க அதான்."

ஜியாவுல்லா சாயபுவின் சினிமாக் கொட்டாயில் அவன் படஞ்சொல்லி. திரைக்குப் பக்கத்தில் ஒரு பிரம்போடு நின்றுகொண்டு, ஊமைப் படத்தில் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தமிழிலும், வெள்ளிக்கிழமைகளில் உருதுவிலும் உரக்கச் சொல்வது அவன் உத்தியோகம். படத்தின் நடுவே வரும் இங்கிலீஷ் எழுத்துக்களைப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி ஒரு பார்வை பார்ப்பான். பிறகு தனக்குத் தோன்றியதைச் சொல்வான். கதாநாயகன் பெரும்பாலும் வாணியம்பாடி மிட்டாதார் மகனாக இருப்பான். வில்லன் எப்போதும் உப்பு வரிக்கு வருகிற சால்ட் இன்ஸ்பெக்டர். மெட்ராஸிலிருந்து ஊர் ஊராக அடிபட்டு ஆம்பூர் வந்து சேருவதற்குள் படத்துக்குத் தலையோ வாலோ போயிருக்கும். சில சமயம் வால் முன்னால் ஓடும். மூன்றாம் ரீலில் சுடப்பட்டுச் செத்தவன் ஐந்தாம் ரீலில் சிரித்துக்கொண்டு காப்பி குடிப்பான். கிறிஸ்துராஜ் அசர மாட்டான். "இவன் அவன் தம்பி, ரெட்டைப் பொறவி, அண்ணன் செத்த சேதி இன்னும் வந்து சேரல, தந்தி ஆபீஸ் லீவு" என்பான். கொட்டாய் 'த்சொ த்சொ' என்று உச்சுக்கொட்டும். அவன் சொல்லும் கதை நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒரே படத்துக்கு ஜனங்கள் மூன்று முறை வந்தார்கள்.

"ஏன்டா, நேத்து அந்த இன்ஸ்பெக்டர் செத்துட்டான், இன்னிக்கி மன்னிப்புக் கேட்டுட்டு சைக்கிள்ல போறானேப்பா?" என்று ஒருமுறை ஹபீப் கேட்டான்.

"நேத்து நீ தரை டிக்கெட்டு. இன்னிக்கி பெஞ்சி. காசுக்கேத்த முடிவு" என்றான் கிறிஸ்துராஜ்.

ஹபீப் அவனுக்குச் சின்ன வயதுத் தோஸ்து. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டேனரியில், தோல் பதனிட ஆவாரம்பட்டை அரைக்கிற மில்லில் இன்ஜின் டிரைவர். மில் வருவதற்கு முன்னால் அந்தப் பட்டையைப் பெண்கள் வரிசையாக நின்று உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே இடிப்பார்கள். ஆயில் இன்ஜின் வந்தது, உலக்கைகள் போயின, பாட்டு எங்கே போயிற்று என்று முதலாளி உள்பட யாரும் விசாரிக்கவில்லை. இன்ஜின் ஓடும்போது மில்லுக்குள்ளே இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அது பழகிப்போய் வெளியே டீக்கடையிலும் அப்படியே பேசுவார்கள். டீக்கடைக்காரர் குழம்பிப்போய் எல்லாருக்கும் சர்க்கரை ஜாஸ்தி போட்டுக்கொடுப்பார்.

கிறிஸ்துராஜுக்கு இது தீராத வேடிக்கை. "ஒங்க மில்லுக்கு ஒரு படஞ்சொல்லி வெக்கணும்டா. ஊமைப் படம் ஓட்டறீங்களே உள்ள."

"ஷோக்கா கிண்டல் பண்ணுப்பா," என்பான் ஹபீப். வாக்கியத்துக்கு ஒரு 'பா' போடாமல் அவனால் மூச்சு விட முடியாது. "கத்துக்கறது லேசுப்பா. ப, ம, ரெண்டுக்கும் ஒதடு ஒட்டும். வ-க்கு ஒட்டாது. அத மட்டும் புடிச்சிக்கினா மிச்சம் தானா வந்துடும்பா. இப்ப, வேல கேட்டு ஒரு ஆளு வாசல்ல வந்து நிக்கறான். மேஸ்திரி உள்ளருந்து 'நாளைக்கு வா'ங்கறாரு. இல்லன்னா 'ஆளிருக்குபா'ங்கறாரு. வாயி ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் போவும். கடைசில ஒதடு ஒட்டிச்சா இல்லியான்னு பாக்கணும். ஒட்டலன்னா வேல இருக்கு. ஒட்டிச்சின்னா ஊட்டுக்குப் போய்டலாம்பா."

"இதுக்குப் பரீட்ச உண்டா? பாஸ் பண்ணா இன்னா பட்டம், கெண்டை மீனா?" என்று கேட்டுவிட்டு, கிறிஸ்துராஜ் வாயைத் திறந்து திறந்து மூடிக் காட்டினான். டீக்கடையே சிரித்தது. ஹபீபும் சிரித்தான். இன்ஜின் அவன் காதைப் பாதி தின்றுவிட்டிருந்ததால் எதற்குச் சிரிக்கிறோம் என்று முழுசாகத் தெரியாமலே சிரித்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஜியாவுல்லா சாயபு மெட்ராஸ் போய்த் திரும்பினார். வந்தவர் கிறிஸ்துராஜைக் கூப்பிட்டு, கொட்டாய்க்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். இதுவரை அவர் அவனை உட்காரச் சொன்னதே இல்லை.

"கிறிஸ்து, படம் பேசுது" என்றார் சாயபு.

"யார் பேச வெக்கறாங்க?"

"யாரும் இல்ல. அதுவே பேசுது. ராஜா வாயத் தொறந்தா ராஜா கொரலு வருது. கதவ சாத்தினா டமால்னு கேக்குது. நான் பயந்து எழுந்துட்டேன், அல்லா மேல ஆணையா." அவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "மிஷினுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன். வாணியம்பாடிக்காரன் போட்டுட்டா நம்ம கொட்டாய்ல ஆடுதான் கட்டணும். நீ நல்ல ஆளு. வாய் இருக்கற ஆளு. அதுக்குள்ளாற வேற எதாச்சும் கத்துக்க. மெட்ராஸ்ல எல்லாரும் அதான் சொல்றாங்க, வர்ற காலத்துக்குத் தயாராவணும்னு."

"எதுக்குத் தயாராவறதுன்னு சொன்னாங்களா?"

"அத சொல்லல."

கிறிஸ்துராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். "சாயபே, அது இன்னா பாஷையில பேசுது?"

"அது ஒரு மாதிரி இருக்கு. ராஜா தமிழ்ல கேக்கறான். ராணி தெலுங்குல பதில் சொல்றா. நடுவுல ஒருத்தன் வந்து இந்துஸ்தானில பாடறான். யாருக்கும் யார் மேலயும் கோவம் இல்ல."

கிறிஸ்துராஜின் முகம் மலர்ந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "அப்ப இத்தினி நாளு ஒரு மடங்குன்னா இனிமே நான் மூணு மடங்கு வேணும்! ராணி சொல்றது ஆம்பூருக்கு யாரு சொல்லுவா?"

சாயபு மறுபடி தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் இருக்கிற தொந்தரவு, முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் மனைவி ஞானசுந்தரி இந்த மூன்று மடங்குக் கணக்கைக் கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள். அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை பார்த்தாள். இப்போது அவளே ஆறு மாசம். "டாக்டரம்மா சொல்லிட்டாங்க," என்றாள். "இந்த மாசத்தோட வேலைய நிறுத்திடணுமாம். கால் வீங்குது, ரத்தம் கம்மி. அப்பறம் உங்க ஒரு வாய நம்பித்தான் மூணு வயிறு."

"அந்த வாய்க்கு இன்னா கொறச்சல்?"

"எங்கம்மாவும் இதான் சொன்னாங்க. பட்டை இடிக்கறப்ப. மிஷினு இடிக்கும், ஆனா பூ மாதிரி சலிக்குமா, எங்கள உட்டா யாரு இருக்கான்னு. மிஷினு பூ மாதிரி சலிக்கல. இன்னிக்கி வரைக்கும் சலிக்கல. கட்டி கட்டியாத்தான் கொட்டுது." அரிசித் தண்ணீரை வடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மாவ யாராச்சும் திரும்பக் கூப்ட்டாங்களா?"

ஆகவே கிறிஸ்துராஜ் எதிர்காலத்துக்குத் தயாரானான். எதிர்காலம் வேலூரில், கோட்டை அகழிக்கு எதிரே ஒரு மாடியில் இருப்பதாகவும், அதன் பெயர் டைப்ரைட்டிங் என்றும் ஊரில் படித்தவர்கள் சொன்னார்கள். மாடி நிறையத் தலை வாரிய வாலிபர்கள் உட்கார்ந்து எதிர்காலத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவனை ஒரு மிஷின் முன்னால் உட்காரவைத்து, ஏ, எஸ், டி, எஃப் என்று இடது கை விரல்களை வைக்கக் கற்றுக்கொடுத்தார். கிறிஸ்துராஜ் வெகு நேரம் அந்த எழுத்துக்களையே பார்த்துவிட்டு, "சார், இந்த நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இன்னா வேணும்?" என்று கேட்டான். மறுநாள் ஏ-க்கு மிட்டாதார் குரலும் டி-க்கு இன்ஸ்பெக்டர் குரலும் வந்துவிட்டன. எஸ் ஒரு விதவை. மூன்றாம் நாள் எஃப் அந்த விதவையின் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கியபோது, வாலிபர்கள் தட்டுவதை விட்டுவிட்டுச் சுற்றி நின்று கேட்டார்கள். மாஸ்டர் ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது, "நிலம் திரும்பக் கிடைச்சுதா?" என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

பிறகு சர்ச்சில் உபதேசியார் வேலைக்குப் போய்ப் பார்த்தான். வேத வாசிப்பில் இல்லாத ஒரு தங்கச்சியைச் சேர்த்து, அவளுக்கு ஒரு காச நோயும் கொடுத்து, சபையையே அழவைத்துவிட்டான். பாதிரி ஐயர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இனி வர வேண்டாம் என்றார். ஆபரேட்டர் வேலையாவது கற்கலாமென்றால், டாக்கி மிஷினோடு மெட்ராஸிலிருந்து வந்து இறங்கிய ஆபரேட்டர் யாரையும் பெட்டியைத் தொடவிடவில்லை. அவன் பேசவும் மாட்டான். பேசும் படத்தை ஓட்டுகிறவன் இப்படி ஊமையாக இருப்பது கிறிஸ்துராஜுக்கு அபசகுனமாகப் பட்டது.

இந்த ஓட்டத்தில் அவனுக்குள் ஏதோ ஒன்று கழன்றுகொண்டு வந்தது. திரைக்குப் பக்கத்தில் நிற்கும்போது முன்பெல்லாம் வார்த்தை தானாக வரும். இப்போது கதாநாயகி அழுதால், இவளுக்கு அடுத்த மாசம் யார் சோறு போடுவார்கள் என்ற யோசனை குறுக்கே வந்தது. ஒரு நாள் அதை வாய்விட்டே சொல்லிவிட்டான். தரை டிக்கெட் முழுக்கச் சிரித்தது. நல்ல ஜோக் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் டாக்கி ஓடுவதற்கு நான்கைந்து நாள் முன்னால் ஹபீப் வீட்டுக்கே வந்தான். மில்லில் பட்டை போடுகிற ஓர் ஆள் கோலாருக்குப் போய்விட்டான் என்றும், மேஸ்திரியிடம் சொல்லி இடத்தைப் பிடித்துவைத்திருப்பதாகவும் சொன்னான். "ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்கும்பா. திங்கக்கெழம காலையில அவரு ஆள் எடுத்துடுவாரு. சரின்னு ஒரு வார்த்த சொல்லிடுப்பா."

கதவுக்கு அந்தப் பக்கம் ஞானசுந்தரியின் வளையல் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கிறிஸ்துராஜுக்குத் தெரியும். சரி என்பது இரண்டே எழுத்து. நாக்கில் வந்து உட்கார்ந்தேவிட்டது. ஆனால் ஹபீபின் உதடு அவன் பதிலுக்காக முன்கூட்டியே அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் அவனுக்குள் பழைய குறும்பு எழுந்தது. அல்லது பயம் குறும்பு வேஷம் போட்டுக்கொண்டு எழுந்தது.

"தோஸ்து, நான் வாய மூடிக்கினு பட்டை போட்டன்னா அமெரிக்காக்காரன்லாம் இன்னாடா பண்ணுவான்? ஞாயித்துக்கெழம வந்து பாரு. ராணிக்குத் தெலுங்கு. நீ ஆம்பூரு. நடுவுல யாரு? நானு."

ஹபீப் தலையாட்டினான். போகும்போது வாசலில் நின்று திரும்பி ஏதோ சொன்னான், சத்தமில்லாமல். கிறிஸ்துராஜ் அதற்கும் ஒரு கெண்டை மீன் காட்டி அனுப்பிவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டாய் கொள்ளவில்லை. ஏலகிரி மலையிலிருந்துகூட இறங்கி வந்திருந்தார்கள். திரைக்கு இரண்டு பக்கமும் பெரிய ஊமத்தம்பூ மாதிரி இரண்டு ஒலிபெருக்கிகள். கிறிஸ்துராஜ் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பிரம்பும் கையுமாகத் தன் இடத்தில் நின்றான். பெண்கள் பக்கத்தில் ஞானசுந்தரி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஹபீப் மணலில் முதல் வரிசை.

படம் ஓடியது. ராஜா சிம்மாசனத்தில் அமர்ந்து, "தேவி, உன் முகம் வாடியிருப்பதேன்?" என்று கேட்டார். குரல் ஊமத்தம்பூவிலிருந்து வந்தது. கொட்டாய் முழுக்க ஒரே மூச்சாக உள்ளே இழுத்துக்கொண்டது. யாரோ ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். பிறகு ராணி வாயைத் திறந்து தெலுங்கில் மடமடவென்று பதில் சொன்னாள். இதுதான் நேரம். கிறிஸ்துராஜ் பிரம்பைத் தூக்கினான்.

"ராணி சொல்றா! ராஜாவே, ஒங்க தம்பி சால்ட் இன்ஸ்பெக்டரோட சேர்ந்துக்கினு..."

"யோவ், குந்துய்யா!"

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அவன் குரலை ஏற்றினான். ஒலிபெருக்கி அவனைவிட ஏறியது. ஒரு கணம் ராணியின் தெலுங்கும் அவன் தமிழும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கொட்டாயில் இரண்டு நாய்கள் புகுந்த மாதிரி ஆயிற்று.

"கம்முனு குந்துய்யா! படம் பேசுது!"

"அவ இன்னா பேசறான்னு ஒனக்குப் புரிஞ்சிதா?" என்று கிறிஸ்துராஜ் இருட்டைப் பார்த்துக் கத்தினான். அது வேடிக்கைக் குரல் இல்லை. அவன் வாழ்க்கையில் அந்த இடத்தில் நின்று சொந்தக் குரலில் பேசியது அப்போதுதான். "சொல்லு, ஒரு வார்த்த புரிஞ்சிதா?"

"புரியல! ஆனா பேசுதுல்ல!"

கொட்டாய் கைதட்டியது. அவனுக்கு இதுவரை விழுந்த கைதட்டல்களையெல்லாம் சேர்த்தால்கூட அவ்வளவு வராது. ஹபீப் மட்டும் தட்டாமல் மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி வயர் தொங்குகிறதென்று ஆபரேட்டர் இறங்கி வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கிறிஸ்துராஜின் கையிலிருந்த பிரம்பை வாங்கி வயருக்கு முட்டுக் கொடுத்தான். அளவெடுத்தது போலப் பொருந்தியது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஞானசுந்தரி அவனுக்கு முன்னால் நடந்தாள். பாலாற்றுப் பக்கம் காற்று வீசியது. வாசற்படியில் கால் வைக்குமுன் மூச்சு வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, "நாளைக்கு திங்கக்கெழம" என்றாள்.

காலையில் அதே கல்யாணக் கோட்டோடு அவன் டேனரி வாசலை அடைவதற்குள் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது. ரோட்டிலேயே உள்ளங்காலில் அதிர்ந்தது. மில் கூடத்தின் கதவருகே நின்று எட்டிப் பார்த்தான். உள்ளே வெயில் பட்ட இடமெல்லாம் பட்டைத் தூள் மஞ்சளாகப் பறந்தது. பெல்ட் மேலும் கீழும் ஓட, அதற்கு அந்தப் பக்கம் ஹபீப் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தான். இன்ஜினை விட்டு அவன் நகரக்கூடாது. பக்கத்தில் மேஸ்திரி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். பட்டைக் குவியலுக்குப் பின்னால் யாரோ குனிந்து நிமிர்ந்தார்கள். பழைய ஆளா, புதிய ஆளா என்று தூளில் தெரியவில்லை.

"ஹபீப்!" என்று கிறிஸ்துராஜ் கூப்பிட்டான்.

கொட்டாயின் கடைசிப் பெஞ்சு தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் போகிற குரல் அது. வாயை விட்டு ஒரு சாண் தூரம்கூடப் போகவில்லை. தனக்கே கேட்காததால், கூப்பிட்டோமா இல்லையா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. நெஞ்சு வலிக்க மறுபடி கத்தினான். தூள் தொண்டைக்குள் போய் இருமல் வந்தது. இருமலும் கேட்கவில்லை.

ஹபீப் தற்செயலாகத் திரும்பினான். அவனைப் பார்த்தான். காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தான். பிறகு விரலை எடுத்துத் தன் உதட்டின் மேல் வைத்தான்.

கிறிஸ்துராஜ் சுற்றிலும் பார்த்தான். டீக்கடைக்காரர் இல்லை, தரை டிக்கெட் இல்லை, யாருமே இல்லை. இருந்தும் காது மடல் சுட்டது. வாயைத் திறந்தான். சத்தத்தை உள்ளேயே நிறுத்திக்கொண்டு, உதட்டை மட்டும், சின்னப் பிள்ளைக்கு எழுத்துக் காட்டுகிற மாதிரி மெதுவாக அசைத்தான். வேலை. வேணும். புரிந்ததா என்று தெரியவில்லை. மறுபடி அசைத்தான். வேலை. வேணும்.

ஹபீப் மேஸ்திரியின் தோளைத் தொட்டான். மேஸ்திரி திரும்பிக் கிறிஸ்துராஜை ஒரு பார்வை பார்த்தார், கல்யாணக் கோட்டையும் சேர்த்துப் பார்த்தார். ஹபீபிடம் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி முதுகைக் காட்டினார். ஹபீப் பெல்ட்டுக்கு மேலாகத் தலையை நீட்டினான். அவன் வாய் அகலத் திறந்தது, நடுவில் குறுகியது. கடைசியில், சரியாகக் கடைசியில், பெல்ட் எழுப்பிய தூள் அவன் முகத்துக்குக் குறுக்கே போயிற்று.

நாளைக்கு வா. அல்லது, ஆளிருக்குபா.

எத்தனை வாய்களுக்கு அவன் வார்த்தை வைத்திருப்பான்! எதுவுமே சொல்லாதவர்களைக் காதலிக்க வைத்தான், கெஞ்ச வைத்தான், செத்தவனைத் தம்பியாக்கினான். இந்த வாய்க்கு மட்டும் அவனால் ஒன்றும் வைக்க முடியவில்லை. உதடு ஒட்டியதா என்று மட்டும் தெரிந்தால் போதும். மத்தியானத் தொழுகைக்கு இன்ஜினை நிறுத்துவார்கள். அப்போது குரலாலேயே கேட்டுவிடலாம். குரலில் கேட்டால் பதில் நிச்சயமாகிவிடும். இன்ஜின் நிற்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரடி உள்ளே வைத்தான். இன்னொரு தரம் சொல்லு என்று ஹபீபைப் பார்த்துக் கேட்டான். ஹபீபுக்குப் புரியவில்லை போலிருந்தது. புருவத்தைச் சுருக்கி அவன் உதட்டையே உற்றுப் பார்த்தான். கிறிஸ்துராஜ் கைகளைத் தொங்கவிட்டபடி, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, பட்டைத் தூள் ஒட்டிய வாயைத் திறந்தான், மூடினான். திறந்தான், மூடினான்.